மாமி ஜன்னலுக்கு எதிரே கறிவேப்பிலை

மும்பை செம்பூரில் என் மாவுக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் உண்டு. உளுந்து ஊறுவது, அரிசி கழுவுவது, கிரைண்டர் கல்லை வெளியே எடுத்து வைத்துத் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். முற்றத்தின் கடைசியில் நெஞ்சளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சந்து, அதை ஒட்டி நான்கு மாடிக் குடியிருப்பு. தரைத்தளத்து வீட்டின் ஜன்னல் ஒன்று நேராக என் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். இருபது வருஷமாக அந்த ஜன்னலும் என் முற்றமும் எதிரெதிரே இருந்தன. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, வார்டு ஆபீசில் இருந்தவர் ஃபைலுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்தில் ஆங்கிலம். தரைத்தளத்து வீட்டிலிருந்து வந்த புகார். சத்தம், வெளிச்சம், ஆட்கள் நிற்பது, ஜன்னலைத் திறக்க முடியாதது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஆபீசர் பொறுமையான மனிதர். கடைக்கும் குடியிருப்புக்கும் நடுவே பச்சை மறைப்பு வேண்டும் என்றார். சுவர் மட்டும் போதாது. சுவரோரமாக ஓர் ஆள் உயரத்துக்கு, அந்தப் பக்கம் தெரியாத அடர்த்தியில், செடி இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து பார்ப்பார். செடி இருந்தால் லைசென்ஸ், இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு.

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், அடுத்து இடது காது சூடாகும், மூன்றாவதாக ஜோக் வரும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. "சாப், நான் விற்பதே வெள்ளை மாவு, அதற்கு எதற்குப் பச்சைத் திரை?" என்று இந்தியில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, எந்த மழைக்கு உளுந்து எத்தனை நேரம் ஊற வேண்டும் என்பதுதான். அந்த வித்தைக்கு ஒரு கடையும் ஒரு முற்றமும் வேண்டும். முற்றம் இல்லாத இடத்தில் நான் யாருக்கும் பிரயோஜனப்படாத மனிதன். எட்டு ஆட்களின் அடுப்பும் இந்தக் கடையில்தான் எரிகிறது.

நர்சரியில் இருந்த வடநாட்டு பையா மூங்கில் வை, மூன்று மாதத்தில் சுவர் மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என் கண் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலையில் விழுந்தது. ஆள் உயரத்தில், தொட்டியோடு, பளபளவென்று நின்றது. எங்கள் திருநெல்வேலி மூளை, சும்மா நிற்கிற செடியை ஏற்றுக்கொள்ளாது. நின்றால் குழம்புக்கு ஆக வேண்டும். மறைப்புக்கு மறைப்பும் ஆச்சு, சட்னிக்குத் தாளிப்பும் ஆச்சு என்று பன்னிரண்டு தொட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். சுவரோரம் வரிசையாக வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். அந்த ஜன்னல் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

தாராவியில் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி துவைத்த துணியை உதறியபடியே கேட்டாள்.

"கறிவேப்பிலையா வச்சிய? அந்தப் பில்டிங்ல யாரு இருக்காவன்னு தெரியும்லா?"

"எல்லாரும் நம்ம ஆளுகதான். மலையாளத்துக்காரரு, கன்னடக்காரரு, மாதுங்காவுல இருந்து வந்த ஐயமாருக."

"அதத்தான் சொல்லுதேன். சர்க்கரை மூட்டையப் பிரிச்சு வச்சிட்டு எறும்பு வராதுன்னு சொல்லுதிய."

இந்த ஊரில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. யாரும் அதற்கு விலை கொடுத்ததில்லை. கறிவேப்பிலை கண்ணில் பட்டால் கேட்பது நம் ஆட்களுக்குப் பிச்சை அல்ல, உரிமை. மாவு வாங்க வந்தவர்கள் கடை வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு ஈர்க்கு குடுங்களேன்" என்றார்கள். நான் ஜோக்கடிக்கிற ஆள், இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒருவருக்குக் கொடுத்தேன். அடுத்தவர் கேட்டபோது கொடுக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு வாரத்தில், அரைக் கிலோ மாவுக்கு ஒரு ஈர்க்கு என்பது கடையின் சட்டம் ஆகிவிட்டது. சுவருக்கு மேலாக அந்தப் பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. வளையல் போட்ட கை, வாட்ச் கட்டிய கை, ஒரு முறை சீருடை போட்ட வாட்ச்மேன் கை. லைசென்சை ஈர்க்கு ஈர்க்காகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சிரித்துக்கொண்டு கொடுத்தேன்.

பயம் முற்றிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் எங்கள் சபைக் கோயிலில் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டேன். பெயர் போடவில்லை. போதகர் வரிசையாக வாசித்தார். ஒரு சகோதரியின் மூட்டுவலிக்காக, ஒரு தம்பியின் பரீட்சைக்காக, "செம்பூரில் மாவுக்கடை வைத்திருக்கும் சகோதரரின் கறிவேப்பிலைச் செடிகள் செழித்து வளர" என்றார். சபையில் செம்பூரில் மாவுக்கடை வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆறு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணாச்சி, வரிசையா வச்சிருக்கியளாம்லா? அடுத்த வாரம் வரும்போது ஒரு கட்டுக் கொண்டாங்க, என்ன?"

அடுத்த வாரம் ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். நானே பறித்தது. ஜெபத்தை விளம்பரமாக மாற்றிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆபீசர் வருவதற்கு எட்டு நாள் இருந்தபோது செடிகள் குச்சியாக நின்றன. என்னிடம் பதினைந்து வருஷமாக வேலை செய்கிற, சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள் ஒருவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வெளக்குமாத்தத் தலைகீழா நட்டு வச்ச மாதிரில்லா இருக்கு?"

"சிரிக்காதேயும்வே. கடை போச்சுன்னா நீரும் நானும் சேந்துதான் வெளக்குமாறு விக்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு தொட்டியைக் காட்டினார். "இதப் பாருங்க. மத்ததுல எல்லாம் எலைதான் போயிருக்கு. இதுல கெளையே போயிருக்கு. யாரோ வெட்டியிருக்காவ."

உண்மைதான். ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த தொட்டி அது. கத்தரிக்கோல் வெட்டு, அதுவும் நேராக, ஒரே உயரத்தில். தாளிக்கப் பறிக்கிறவர்கள் கிளையை வெட்ட மாட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். போலீஸ்காரன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு ஐந்து நிமிஷத்தில் தும்மல் வந்துவிட்டது. தும்மிவிட்டு நிமிர்ந்தால், சந்தில் தரைத்தளத்து மாமி நிற்கிறார். எழுபது வயது, ஏதோ ஆபீசில் முழு சர்வீஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். கையில் சமையலறைக் கத்தரிக்கோல். எனக்கு எதிராகப் புகார் எழுதியவர்.

"மாமி, நீங்களா?"

"நான்தான். திருட வரலை. வெட்டத்தான் வந்தேன்."

"புகார் எழுதிக் குடுத்து இந்தச் செடிய வைக்க வச்சதே நீங்கதானே மாமி?"

"குடுத்தேன். இல்லேன்னு சொன்னேனா?" கத்தரிக்கோலைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "உங்க பசங்க லுங்கியை மடிச்சுக் கட்டிண்டு வரிசையா நிக்கறா. நான் ஒரு புடவை மாத்தணும்னா ஜன்னலைச் சாத்திட்டுப் புழுக்கத்துல சாகணும். அதான் எழுதினேன். தப்பா?"

"தப்பில்ல. அப்புறம் எதுக்கு வெட்டுதிய?"

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே கட்டிலில் மாமா படுத்திருப்பது வெட்டிய இடைவெளி வழியாகத் தெரிந்தது. ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, பேச்சு இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இவர் நாள் பூரா உங்க முற்றத்தைப் பார்த்துண்டிருந்திருக்கார். எனக்கு எங்கே தெரியும்? ஜன்னல் பக்கம் மூஞ்சி வெச்சுண்டு தூங்கறார்னு நெனச்சேன். நீங்க செடி வெச்ச அன்னிக்குச் செவுத்துப் பக்கம் திரும்பினவர், அப்புறம் திரும்பலை. ரசஞ்சாதம் ரெண்டு ஸ்பூனுக்கு மேல இறங்கறதில்லை." மாமியின் குரல் கொஞ்சமும் தளரவில்லை. குறை சொல்கிற குரலிலேயே சொன்னார். "நேத்து இந்த ஓட்டை வழியா அந்தக் கல்லைக் கழுவறதைப் பார்த்தார். அரைக் கிண்ணம் சாப்பிட்டார்."

எனக்கு ஜோக் வரவில்லை. "மாமி, அடைக்கலேன்னா எனக்கு லைசென்ஸ் இல்ல."

"அது எனக்குத் தெரியும். நான்தானே எழுதினேன்."

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. அந்த நேரத்தில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். குர்லாவில் கல்யாண மண்டபம் ஜோடிக்கிறவர்களிடம் பிளாஸ்டிக் இலைச் சரங்கள் கிடைக்கும். ஆபீசர் வருகிற அன்று காலையில் கட்டினால் மறைப்பு. அவர் போனதும் ஜன்னலுக்கு எதிரே மட்டும் அவிழ்த்துவிட்டால் மாமாவுக்கு முற்றம். சட்டத்துக்கும் ஆச்சு, ரசஞ்சாதத்துக்கும் ஆச்சு. என் மனைவி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆபீசருக்குக் கண்ணு இருக்கா, இல்லியா?"

அவர் வந்தது பத்து மணிக்கு. விடிந்ததிலிருந்து கட்டி முடித்து, நான் வேர்வையைத் துடைத்து, முகத்தில் ஒரு அப்பாவித்தனத்தை வைத்துக்கொண்டு நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர் தூரத்தில் நிற்கவில்லை. டேப்பை எடுத்து உயரம் அளந்தார், தலையை ஆட்டினார். எனக்கு உயிர் திரும்பியது. பிறகு மூன்றாவது தொட்டியில் குனிந்தார். சரத்தோடு வந்த ஒரு பிளாஸ்டிக் மல்லிகையை நான் பிய்த்துப் போடாமல் விட்டிருந்தேன். கறிவேப்பிலை, கொத்தாக, வெள்ளையாக, மணம் இல்லாமல் பூத்திருந்தது.

"கடி பத்தா மே மோக்ரா?" என்றார். கறிவேப்பிலையில் மல்லிகையா என்று கேட்டவர், முதல் முறையாகச் சிரித்தார். நான் உளறினேன். நல்ல உரம் சாப், உளுந்து கழுவின தண்ணீர் சாப் என்றேன். அவர் சரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். பன்னிரண்டு செடிகளின் இலைகளும் ஒரே கயிற்றில் வந்தன. சாத்தான்குளத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரம் விழுந்த இடத்தில் ஜன்னல் தெரிந்தது. அங்கே மாமி நின்றிருந்தார். இந்தியில் சொன்னார். ஆபீசில் பேசிப் பழகிய, அதிகாரம் உள்ள இந்தி. புகார் நான் கொடுத்தது, நானே வாபஸ் வாங்குகிறேன், எழுதித் தருகிறேன் என்றார்.

ஆபீசர் கைகூப்பினார். குரலில் மரியாதை இருந்தது. "மாஜி, இது உங்கள் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள விஷயம் இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள விஷயம். நாளைக்கு உங்கள் வீட்டில் வேறு யாராவது குடிவரலாம்." அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் பக்கம் திரும்பி, பதினைந்து நாள் தருகிறேன், உயிருள்ள செடி, இடைவெளி இல்லாமல் என்றார். அதோடு, லைசென்ஸ் தந்தபிறகு அந்தக் கட்டடத்திலிருந்து இன்னொரு புகார் வந்தால் தானாகவே ரத்து ஆகும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். என் கையெழுத்து அன்று என் கையெழுத்து மாதிரி இல்லை.

நர்சரி பையா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்த மூங்கில் தொட்டிகளை எடுத்துவைத்தார்.

மூங்கில் வந்து இறங்கிய அன்று மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். இருபது வருஷத்தில் முதல் முறை. மாமா கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கண் மட்டும் என் செருப்பிலிருந்து தலைவரை போய்விட்டு வந்தது. நான் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். காலையில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து என் ஆட்களே தூக்கி வந்து கடை வாசலில் விடுவார்கள். முற்றத்து ஈரத்தில் சக்கரம் வழுக்கும், வாசலிலிருந்தே பின்பக்கம் தெரியும், ரோட்டுப் பக்கம் ஆபீசர் மறைப்பு கேட்கவில்லை. அரை மணி நேரம் பார்க்கட்டும்.

மாமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"டை கட்டிண்டு ஆபீஸ் போன மனுஷர். வாய் கோணிண்டு, எச்சில் ஒழுகிண்டு, மாவு வாங்க வர்றவா முன்னாடி உக்காத்தி வெக்கச் சொல்றேளா? அவர் பார்க்கணும்னுதான் ஆசைப்படறார். பார்க்கப்படணும்னு இல்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். லுங்கி கட்டிய ஆட்கள் முன்னால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று மாமி எழுதியதும் இதுதான். பார்வை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போகிற மாதிரி ஒரு செடி எந்த நர்சரியிலும் கிடையாது.

மூங்கில் தொட்டிகளை ஆட்கள் ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசித் தொட்டி ஜன்னலுக்கு நேரே. அதை வைக்கச் சொல்லி யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானே நகர்த்தினேன். கனம். இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தேன். இடைவெளி வழியாக மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஏதாவது கோமாளித்தனம் செய்யலாம் என்று முகத்தைக் கோணினேன். அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது பாதியில் உறைத்தது. வாய் கோணிய மனிதருக்கு எதிரே நின்று வாயைக் கோணிக் காட்டியிருக்கிறேன். காது மட்டுமில்லை, உடம்பே சூடாகிவிட்டது. அவர் கண்ணை எடுக்கவில்லை. கோபமா, வேடிக்கையா, எனக்குப் புரியவில்லை. தொட்டியை ஒரே தள்ளாகத் தள்ளினேன். பச்சை மூடிக்கொண்டது.

ஆபீசர் வந்தார், அளந்தார், இலையைக் கிள்ளி மோந்துகூடப் பார்த்தார். லைசென்ஸ் கிடைத்தது. கடையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நான் ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மின்சாரம் போயிருந்த நேரம். கிரைண்டர்கள் நின்று முற்றம் அமைதியாக இருந்தது. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது.

"ஏன்னா, இப்போ கல்லைக் கழட்டறா போலிருக்கு. சத்தம் கேக்கறதோ? அரிசிதான் போடப்போறா... ஒரு வாய் வாங்கிக்கோங்கோ."

நாங்கள் கல்லைக் கழற்றவில்லை. சாத்தான்குளத்துக்காரர் வாளியைத் தரையில் இழுத்த சத்தம் அது. மாமி தெரியாமல் ஏதோ சொல்லி ஊட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தேன். பிறகு என்னை அறியாமல் உரத்த குரலில் கத்தினேன்.

"வே! அது வாளி! கல்ல இன்னும் எடுக்கலல்லா! கரண்ட் வந்ததும் மூணாம் நம்பர் கிரைண்டர்ல உளுந்து போடும். அரிசி அப்புறம்!"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, நான் பக்கத்துலதான நிக்கேன்?"

"நீரு நில்லும். நான் கத்துதேன்."

அன்றிலிருந்து கத்துகிறேன். எந்த மூட்டை பிரிகிறது, எந்த டிரம் கழுவுகிறார்கள், யார் தண்ணீரைக் கொட்டிவிட்டு வழுக்கி விழுந்தார், எல்லாம் மூங்கிலுக்கு மேலே போகிறது. ஆட்கள் நான் பைத்தியம் ஆகிவிட்டேன் என்று தீர்மானித்து, என் மனைவிக்குப் போன் செய்துவிட்டார்கள். அவள் விஷயத்தைக் கேட்டாள். "சத்தம் போடுதான்னுதான முதல்ல புகாரே வந்துச்சு?" என்றாள்.

அவள் சொன்னது நேற்று நடந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "அண்ணா, ஆவாஸ் கம் கரோ! நஹீ தோ கம்ப்ளெயின்ட் டால்தூங்கா!" என்றார். சத்தத்தைக் குறைக்காவிட்டால் புகார் போடுவாராம். இன்னொரு புகார் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கோணல் கையெழுத்து ஆபீசில் இருக்கிறது. மேலே பார்த்துக் கும்பிடு போட்டேன். வாயை மூடிக்கொண்டு, ஊறின உளுந்தை நானே சத்தமில்லாமல் அள்ளிப் போட ஆரம்பித்தேன். எல்லோரும் சைகையிலேயே வேலை செய்தார்கள்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். மூங்கிலுக்குப் பின்னாலிருந்து, புகார் எழுதிய அதே கண்டிப்போடு மாமியின் குரல் வந்தது.

"என்ன, நிறுத்திட்டேள்? இவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தேன். அந்த ஆள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாம் நம்பர்ல," என்று ஆரம்பித்தேன், "அரிசி போடுதோம்."